குதிரைக்குக் கொடுத்த சத்தம்

தெருவில் போகிற பெண்களிடம் வம்பு செய்கிறவர்களைத் தண்டிக்கப் புதிதாக ஒரு சட்டம் வந்திருக்கிறது. திருத்தணிக் கோர்ட்டில் தொழில் நடத்தும் இளம் வக்கீல்கள் இரண்டு பேர் போன வாரம் என் வீட்டுக்கு வந்து, "சார், வெள்ளைக்காரன் காலத்துல இந்த மாதிரி கேஸ் வந்தா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார்கள். "வராது" என்று சொல்லிவிட்டேன். அவர்கள் காபி குடித்துவிட்டுப் போன பிறகுதான் நான் சொன்னது பொய் என்று உறைத்தது. ஒன்று வந்தது. அதில் நான் பெஞ்சு குமாஸ்தா. அவர்கள் திரும்பி வருகிறவரை காத்திராமல் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

என் உத்தியோகத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எஸ்.எஸ்.எல்.சி. முடித்தேன், டைப் அடிக்கக் கற்றேன், சப்மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நகல் எழுதும் வேலை கிடைத்தது. மூன்றாம் வருஷம் பெஞ்சு குமாஸ்தா ஆனேன். அப்போது யுத்தம் நடந்துகொண்டிருந்தது. திருத்தணி சித்தூர் ஜில்லாவில் இருந்தது. சாட்சிகளில் பாதிப் பேர் தமிழ் பேசுவார்கள், பாதிப் பேர் தெலுங்கு பேசுவார்கள், சிலர் ஒரே வாக்கியத்தில் இரண்டையும் பேசுவார்கள். அதை மாஜிஸ்திரேட் இங்கிலீஷில் எழுதுவார். எழுதியதை நான் சாட்சிக்கு அவருடைய பாஷையில் திருப்பிப் படித்துக் காட்டி, "இப்படித்தானே சொன்னாய்?" என்று கேட்டு, கையெழுத்தோ கைநாட்டோ வாங்க வேண்டும். இருபத்திரண்டு வயதில் எனக்குத் தெரிந்த சட்டம் அவ்வளவுதான்.

எங்கள் மாஜிஸ்திரேட் பெயர் ராமசேஷய்யா. தெலுங்குக்காரர். தமிழை ஒவ்வொரு சொல்லாகத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பேசுகிற மாதிரி பேசுவார். அவர் பேனாவை மூடியே வைத்திருப்பார். சாட்சி சொல்வது விளங்குகிறவரை "எப்படி?" என்பது ஒன்றுதான் கேள்வி. "அடித்தான்" என்றால் "எப்படி?" "ஓடினேன்" என்றால் "எப்படி?" விளங்கிவிட்டால் மூடியைத் திருகுவார். அந்த மூடி திரும்புகிற நேரத்தைப் பார்த்தே வக்கீல்கள் கேஸ் எங்கே போகிறது என்று ஊகிப்பார்கள். யாராவது கூண்டில் அழுதால் நாற்காலியைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு ஜன்னலைப் பார்ப்பார். அழுகை நின்றதும் மறுபடி திரும்பி, விட்ட இடத்திலிருந்து "எப்படி?" என்பார். சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை.

முதலில் ஒரு சின்ன விஷயம். கிருத்திகைக் கூட்டத்தில் மலைப்படியில் பெண்களைக் கிள்ளிக்கொண்டு போனவன் ஒருவனைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். தெருவில் அசிங்கம் செய்தல் என்று சில்லறைக் கேஸ் பிரிவில் போட்டிருந்தார்கள். நடுரோட்டில் ஒன்றுக்குப் போனவனுக்கும், கழுதையை அவிழ்த்துவிட்டவனுக்கும் அதே பிரிவுதான். அவன் ஒப்புக்கொண்டான். ஐந்து நிமிஷ வேலை. ராமசேஷய்யா பேனாவைத் திறக்கவில்லை.

"யாரைக் கிள்ளினான்?" என்று ஏட்டைக் கேட்டார்.

"பொம்பளைங்களைங்க."

"எந்தப் பொம்பளை? அந்த அம்மா எங்கே?"

"கூட்டத்துல மேல போயிட்டாங்க எசமான். கேஸுக்கு அவங்க தேவையில்லீங்களே."

அபராதம் போட்டு அனுப்பினார். பிறகு என் பக்கம் திரும்பி, "தெருவுக்கு நஷ்டம், அந்த அம்மாவுக்கு ஒன்றும் இல்லை. வேடிக்கையாக இல்லை?" என்றார். எனக்கு அப்போது அது வேடிக்கையாகப் படவில்லை. கேஸ் சீக்கிரம் முடிந்தது என்ற சந்தோஷம்தான்.

சில மாதங்கள் கழித்துத் தனபாக்கியம் வந்தாள்.

பொதட்டூர்பேட்டை நெசவுக் குடும்பம். வயது இருபத்தைந்து இருக்கும். புருஷனுக்கு இரைப்பு நோய். தறியில் உட்கார்ந்தால் நெய்வான், நாலு அடி நடந்தால் மூச்சு வாங்கும். யுத்தகாலத்தில் நூலுக்குக் கட்டுப்பாடு. வாரத்தில் ஒருநாள் திருத்தணியில் நூல் கடையில் வரிசையில் நின்று சீட்டைக் காட்டி வாங்க வேண்டும். புருஷனுக்குப் பதிலாக இவள், பெட்ரோல் இல்லாமல் கரிப்புகையில் ஓடும் கரி பஸ்ஸில் வருவாள். பஸ் நிற்கிற இடத்துக்கும் நூல் கடைக்கும் நடுவில் ஜட்கா ஸ்டாண்டு. ஏழெட்டுக் குதிரை வண்டிகள் நிற்கும். அதில் கண்ணையன் என்கிற வண்டிக்காரன் மீதுதான் பிராது. போலீஸில் போய்ச் சொன்னாளாம். "கையப் புடிச்சானா?" என்று கேட்டார்களாம். இல்லை என்றாளாம். அப்படியானால் கோர்ட்டில் நேராக மனுப் போட்டுக்கொள் என்று அனுப்பிவிட்டார்கள்.

மனுப் போட்டால் மாஜிஸ்திரேட் முதலில் பிராதுதாரரைப் பிரமாணம் செய்வித்து விசாரிக்க வேண்டும். அதில் விஷயம் இருந்தால்தான் எதிரிக்குச் சம்மன். நான் மனுவைப் படித்தேன். 'எதிரி என்னைப் பார்த்து கேவலமான வார்த்தைகள் பேசினார்' என்று இருந்தது.

"என்ன வார்த்தை?" என்று கேட்டார் ராமசேஷய்யா.

"வார்த்தை ஒண்ணும் சொல்லல, சாமி."

"மனுவில் இருக்கிறதே?"

"மனு எழுதறவரு, சத்தம்னு எழுதினா கோர்ட்டுல எடுத்துக்க மாட்டாங்கன்னு சொல்லி அப்பிடி எழுதிட்டாருங்க. பிரமாணம் பண்ணிட்டுப் பொய் சொல்ல எனக்கு வாய் வரல."

அந்த இடத்திலேயே மனுவைத் தள்ளியிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் தள்ளியிருப்பார்கள். இவர் பேனாவை மூடியபடியே, "என்ன சத்தம்?" என்றார்.

"குதுரைக்குக் குடுக்கற சத்தம்."

"எப்படி?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "எப்பிடின்னா என்னா சொல்லுவேன்? நான் வந்துகினு இருக்கறப்ப ஆரம்பிப்பாரு. தாண்டிப் போறவரைக்கும் என்னையே பார்த்துகினு குடுத்துகினு இருப்பாரு. மத்தவங்க சிரிப்பாங்க. ஒரு வாரம் இல்ல, ரெண்டு வாரம் இல்ல. இப்ப மூணு வாரமா நான் வரல. தறியில நூல் இல்ல. எங்க வூட்டுக்காரரு, நூலும் வேணாம் ஒண்ணும் வேணாம், கூலிக்குப் போயிக்கலாம்னு சொல்றாரு. அவராலே கூலிக்குப் போவ முடியுமா, சாமி?"

ராமசேஷய்யா மேஜை மேலிருந்த தண்டனைச் சட்டப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். அவருக்குத் தெரியாத பிரிவில்லை. ஆனாலும் எழுத்தை விரலால் தொட்டுப் படித்தார். ஒரு பெண்ணின் மானத்தை அவமதிக்கும் எண்ணத்தோடு, அவள் காதில் விழவேண்டுமென்று, ஏதாவது வார்த்தை சொன்னாலும், ஏதாவது சத்தம் செய்தாலும், ஏதாவது சைகை காட்டினாலும் குற்றம். ஐந்நூற்றொன்பதாம் பிரிவு.

"சத்தம் என்று இருக்கிறது," என்றார், யாரிடமும் இல்லாமல். பேனா மூடி திரும்பியது.

ஒரு உண்மையை இங்கே சொல்லிவிடுகிறேன். நான் மத்தியானச் சாப்பாட்டுக்கு அந்த ஸ்டாண்டு வழியாகத்தான் போய் வருவேன். கண்ணையன் கொடுக்கும் சத்தத்தைப் பலதடவை கேட்டிருக்கிறேன். சிரிப்பையும் கேட்டிருக்கிறேன். குதிரைக்காரர்கள் ஏதோ தங்களுக்குள் விளையாடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு நடந்திருக்கிறேன்.

விசாரணை தொடங்கிய அன்று கோர்ட்டு நிரம்பி வழிந்தது. ஊரில் அந்தக் கேஸுக்குக் குதிரைக் கேஸ் என்று பெயர் வந்துவிட்டது. கண்ணையனுக்கு அரக்கோணத்திலிருந்து ஒரு வக்கீல். கெட்டிக்காரர். அவர் வாதம் இரண்டே. ஜட்காக்காரன் என்றால் குதிரைக்குச் சத்தம் கொடுக்கத்தான் செய்வான். அது தனக்கென்று இந்த அம்மா நினைத்துக்கொண்டால் அவன் என்ன செய்வான்? இரண்டாவது, பிடிக்கவில்லை என்றால் குளக்கரையைச் சுற்றி வேறு வழியாகப் போகலாமே?

இரண்டாவதை ராமசேஷய்யா முதலில் எடுத்துக்கொண்டார். இடத்தைப் பார்வையிடப் போகிறேன் என்று இரு தரப்புக்கும் நோட்டீஸ் கொடுத்தார். இப்படிப் போனால் மாஜிஸ்திரேட் தான் கண்டதை மட்டும் குறிப்பாக எழுதி இரு தரப்புக்கும் காட்ட வேண்டும். அபிப்பிராயம் எழுதக் கூடாது. ஒருநாள் காலையில் குடையைப் பிடித்துக்கொண்டு பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஸ்டாண்டு வழியாக நூல் கடைக்கு நடந்தார். நான் பக்கத்தில் காலடியை எண்ணிக்கொண்டு போனேன். திரும்பவும் பஸ் நிற்கும் இடத்துக்கு வந்து, குளக்கரை வழியாக நடந்தார். பாதி வழியில் சேறு. பூட்ஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். வக்கீலும் வேட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். கடைக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வரிசை தெருமுனையைத் தாண்டிப் போயிருந்தது. அவர் எழுதியது இரண்டு வரி: ஒரு வழி நூற்றுச் சொச்சம் காலடி, மற்றொரு வழி அதைப்போல ஆறு பங்கு, வரிசை எங்கே இருந்தது. அவ்வளவுதான். வக்கீல் அதைப் படித்துக் கையெழுத்துப் போட்டார். பிறகு அந்த வாதத்தை அவர் எடுக்கவே இல்லை.

அடுத்த வாய்தாவில் தனபாக்கியத்துக்குக் குறுக்கு விசாரணை.

"சத்தம் சத்தம் என்கிறாயே, அந்தச் சத்தத்தைக் கோர்ட்டுக்குச் செய்து காட்டு," என்றார் வக்கீல்.

பின்னால் நின்றவர்கள் எக்கிப் பார்த்தார்கள். அதைக் கேட்கத்தான் பலர் வந்திருந்தார்கள் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவள் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அவள் செய்ததாக வழக்கில்லையே," என்றார் ராமசேஷய்யா. "செய்தவர் என்று சொல்லப்படுகிறவர் இங்கேதானே இருக்கிறார்." எதிரியைக் கட்டாயப்படுத்த முடியாது. அதனால் அதையும் சொல்லியே கேட்டார். "கண்ணையா, இஷ்டமிருந்தால் செய்யலாம், இல்லாவிட்டால் வேண்டாம். உன் குதிரைக்கு என்ன சத்தம் கொடுப்பாய்?"

கண்ணையனுக்குச் சந்தோஷம். நாக்கால் சொடுக்கி ஒன்று, புறப்பட. உதட்டால் ஒன்று, நிற்க. ஜனங்கள் சிரித்தார்கள். மாஜிஸ்திரேட் அதை எழுதத் தடுமாறினார். "இதற்கு என்ன எழுத்து?" என்று என்னைக் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. கடைசியில், 'நாக்கை அண்ணத்தில் வைத்துச் சொடுக்கும் ஒலி' என்று விவரித்து எழுதினார்.

"அம்மா, இந்தச் சத்தமா?"

"இது இல்லீங்க."

வக்கீல் துள்ளி எழுந்தார். "அவ்வளவுதான் யுவர் ஆனர்! கேஸே இல்லை."

"உட்காருங்கள். எதும்மா பின்னே?"

தனபாக்கியம் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "இது வண்டி ஓட்டறதுக்குக் குடுக்கறது. எனக்குக் குடுத்தது வேற. பொட்டக் குதுரகிட்ட ஆண் குதுரய விடறப்ப குடுப்பாங்களே, அது."

ராமசேஷய்யா எழுதுவதை நிறுத்தினார்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எங்க நைனா பள்ளிப்பட்டுல ஜட்கா ஓட்டினவரு. வூட்டுப் பின்னாலயே லாயம். எனக்கு எல்லாச் சத்தமும் தெரியும்."

நான் கண்ணையனைப் பார்த்தேன். அவன் முகம் வெளுத்துவிட்டது. அவள் நெசவுக்காரி என்பதுதான் அவனுக்குத் தெரியும். ஜட்காக்காரன் மகள் என்பது தெரியாது.

"இதை முதல்நாளே ஏன் சொல்லவில்லை? வழக்குக்காக இப்போது ஜோடித்தது," என்றார் வக்கீல்.

"கேக்கலீங்களே ஐயா. கேட்டிருந்தாலும் அன்னிக்கு எனக்கு வாய் வந்திருக்காது. இன்னிக்கு நீங்க செஞ்சு காட்டுன்னு சொன்னீங்க பாருங்க, அப்பதான் வந்துச்சு."

அன்றைக்கே எதிரி தரப்புச் சாட்சியாக மஸ்தான் சாயபு ஏறினார். ஸ்டாண்டிலேயே மூத்த வண்டிக்காரர், வெள்ளைத் தாடி. கண்ணையன் நல்லவன், வண்டி ஓட்டத்தான் சத்தம் கொடுப்பான் என்று வக்கீலுக்குச் சொல்லி முடித்தார். பிறகு மாஜிஸ்திரேட் கேட்டார்.

"அந்த அம்மா சொன்ன மாதிரி ஒரு சத்தம் உண்டா?"

சாயபு தாடியைத் தடவினார். "ஆங்... இருக்குதுங்க."

"ரோட்டில் வண்டி ஓட்ட அது வேணுமா?"

"வேணாங்க."

"கண்ணையன் குதிரை எப்படி?"

"காயடிச்சதுங்க."

"ஸ்டாண்டில் பெண் குதிரை ஏதாவது?"

"ஒண்ணும் இல்லீங்க."

ராமசேஷய்யா பேனாவை மேஜையில் வைத்தார். ஜனங்களை வெளியே போகச் சொன்னார். அதற்குச் சட்டத்தில் அதிகாரம் உண்டு. ஆனால் அவர் அதைப் பயன்படுத்தி நான் அன்றுதான் பார்த்தேன். டவாலிச் சேவகன் கதவைச் சாத்தினான். உள்ளே மாஜிஸ்திரேட், வக்கீல், கண்ணையன், சாயபு, தனபாக்கியம், நான்.

"சாயபு, அந்தச் சத்தத்தை ஒருதரம் கொடுங்கள்."

கிழவர் கூசினார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தார். அடித்தொண்டையில் எழும்பி உதட்டில் இழுத்து முடிகிற ஒன்று. அதற்கும் எழுத்து கிடையாது. நான் ஸ்டாண்டில் கேட்டிருந்த அதே சத்தம்.

தனபாக்கியம் சுவரைப் பார்த்து நின்றிருந்தாள். "ஆங். இதான்," என்றாள்.

"சாயபு, இதைக் கண்ணையன் ஸ்டாண்டில் கொடுத்துக் கேட்டதுண்டா? குர்ஆன் மேல் பிரமாணம் செய்திருக்கிறீர்கள்."

ராமசேஷய்யா நாற்காலியைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"கேட்டேங்க," என்றார் சாயபு. "இந்தம்மா போறப்ப கேட்டேன். கேட்டுட்டு நானும் சிரிச்சேங்க."

பிறகு கதவைத் திறந்து, அந்த வாக்குமூலம் முழுவதையும் எல்லோர் காதிலும் விழும்படி நான் திருப்பிப் படித்தேன். "நானும் சிரித்தேன்" என்ற வரியையும் விடாமல் படித்தேன். சாயபு கையெழுத்துப் போட்டுவிட்டு யாரையும் பார்க்காமல் வெளியே போனார்.

கண்ணையனுக்கு அபராதமும், கோர்ட்டு கலைகிறவரை காவலும் தண்டனை. சாயங்காலம்வரை மூலைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

கதை இதோடு முடிந்திருந்தால் அந்த இளம் வக்கீல்களிடம் அன்றைக்கே சொல்லியிருப்பேன். கண்ணையன் அப்பீல் செய்தான். மேல்கோர்ட்டு தண்டனையை ரத்துச் செய்தது. தீர்ப்பைப் பிரித்துப் படித்தவன் நான்தான். சத்தம் கொடுத்தது உண்மை, அதன் அர்த்தமும் உண்மை என்று ஒப்புக்கொண்டிருந்தார்கள். ஆனால் அந்த அர்த்தம் குதிரைக்காரர்களுக்கு மட்டும் தெரிந்தது. இந்தப் பெண்ணுக்கு அது புரியும் என்று எதிரிக்குத் தெரியாது. கூட்டாளிகளைச் சிரிக்கவைக்கத்தான் செய்திருக்கிறான். புரியாது என்று நினைத்துச் செய்ததை அவளை அவமதிக்கும் எண்ணம் என்று கொள்ள முடியாது. ஆகவே விடுதலை.

கொண்டுபோய் ராமசேஷய்யாவிடம் கொடுத்தேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். இரண்டுமுறை படித்தார். "அவளைப் பற்றி அவளுக்கே தெரியாமல் கேவலம் செய்தால் குற்றம் குறைகிறதா, கூடுகிறதா?" என்றார். "எனக்குத் தெரியவில்லை. ஆனால் கேட்கவேண்டிய கேள்வி," என்று சொல்லிவிட்டு அடுத்த கேஸ் கட்டைப் பிரிக்கச் சொன்னார்.

நூல் போடுகிற நாளில் தனபாக்கியம் கோர்ட்டு வாசலுக்கு வந்தாள். நான்தான் சொல்ல வேண்டியதாயிற்று. எவ்வளவு எளிமையாகச் சொல்ல முடியுமோ அப்படிச் சொன்னேன்.

"அப்ப, எனக்குப் புரியாதுன்னு நெனச்சுகினு குடுத்தா தப்பில்லியா?"

"அப்படித்தாம்மா எழுதியிருக்கு."

"மத்தவங்களுக்குப் புரிஞ்சா பரவாயில்லியா?"

அவள் அழவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "அந்தத் தீர்ப்பு ஸ்டாண்டுல தெரிஞ்சிருக்குமா?"

"நேத்தே தெரிஞ்சிருக்கும்."

"செரி. இன்னிக்கு நூல் போடறாங்க. நான் போறேன்."

எனக்கு மனசு கேட்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரம்தான். "நானும் அந்தப் பக்கம்தாம்மா போறேன், கூட வரேன்," என்று கிளம்பினேன். அவள் நின்றுவிட்டாள்.

"வேணாம், ஐயா. நீங்க வந்தா சத்தம் வராது. அது நின்னுடுச்சா, இல்ல உங்களைப் பார்த்துட்டு வாய மூடிகினாங்களான்னு எனக்குத் தெரியாமப் போயிடும். வாரா வாரம் நான் தனியாத்தான வரணும்?"

அவள் நடந்தாள். ஸ்டாண்டுக்கு முன்னாலேயே இருந்த ஒரு மாவு மில்லின் சுவரோரம் போய், வண்டிக்காரர்கள் கண்ணில் படாதபடி நின்றுகொண்டேன். ஒளிந்து நின்று கேட்பது பெஞ்சு குமாஸ்தாவுக்கு அழகில்லை. ஆனால் தெரிந்துகொள்ளாமல் போயிருந்தால் எனக்குச் சோறு இறங்கியிருக்காது.

எட்டிப் பார்த்தேன். ஐந்தாறு வண்டிகள் நின்றிருந்தன. கண்ணையன் தன் வண்டியின் ஏர்க்காலில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தான். சாயபு தன் குதிரைக்குப் புல் உதறிக்கொண்டிருந்தார். தனபாக்கியம் வேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. கண்ணையன் அவளைப் பார்த்தான். பிறகு சாயபுவைப் பார்த்தான். சாயபு நிமிரவில்லை. மற்ற வண்டிக்காரர்களும் கண்ணையனைப் பார்க்கவில்லை. ஆளுக்கொரு பக்கம் எதையோ கட்டிக்கொண்டும் அவிழ்த்துக்கொண்டும் இருந்தார்கள்.

அவள் முதல் வண்டியைத் தாண்டினாள். கடைசி வண்டியையும் தாண்டினாள். நான் காதைக் கொடுத்துக் கேட்டேன். ஏதோ ஒரு குதிரை தலையை உலுக்கியது. அதன் கழுத்துச் சலங்கை குலுங்கி அடங்கியது. நூல் கடை வாசலில் அவள் வரிசையின் கடைசியில் போய் நின்று, மடியிலிருந்து சீட்டை எடுக்கிறவரை கேட்டுக்கொண்டே இருந்தேன். வேறொன்றும் கேட்கவில்லை.